ராஜ்மகாலிலிருந்து நாசரேத்துக்கு, ஒரு மண்பானையோடு

மே 12, 2020, செவ்வாய். மலைமேல்

நாளை விடியுமுன் கிளம்புகிறோம். இன்றைக்கே எழுதி வைக்கிறேன், சிக்னல் கிடைக்கிற இடத்தில் ஏற்றிவிடலாம். எங்கள் ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் கிழக்கே இருக்கிற பாறைமேல் ஏறிப் போனைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் கிடையாது.

புதிதாக வாசிப்பவர்களுக்காக: ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச் மாவட்டம், ராஜ்மகால் மலைகள். கீழே சமவெளியில் சந்தால் பழங்குடிகள், மலையுச்சிகளில் சௌரியா பகாரியாப் பழங்குடிகள். இவர்கள் தங்களை மலேர் என்பார்கள். பேசுவது மால்தோ. கங்கைக்குப் பக்கத்தில் இப்படி ஒரு திராவிட மொழியா என்று வந்த புதிதில் வாயைப் பிளந்தேன். பல் இங்கே 'பலு', நீ 'நீன்', தண்ணீர் 'அமு'. ட்ரோஸே என்ற ஜெர்மன் மிஷனெரி 1884லேயே இந்த மொழிக்கு இலக்கணம் எழுதிவிட்டார். பதினோரு வருஷமாக இங்கே இருந்தும் நான் இன்னும் வினைச்சொல்லில் தடுமாறுகிறேன், பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

நான் நர்ஸ். இவர் பள்ளிக்கூடமும் சபையும் பார்க்கிறார். பெரியவள் எங்கள் சொந்த ஊரில், தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில், விடுதியில் படிக்கிறாள். மார்ச்சில் விடுதியை மூடியதும் ஆத்தா வீட்டுக்குப் போய்விட்டாள். சின்னவன் எங்களோடு.

போவதற்குக் காரணம் கொரோனா இல்லை, இவருடைய வலது கால். பத்து வருஷமாகச் சர்க்கரை. மார்ச் கடைசியில் விறகு பொறுக்கப் போய் இரண்டாவது விரலில் முள் ஏறியது. நான்தான் எடுத்தேன், நான்தான் கட்டுப் போட்டேன், ஆறிவிடும் என்று சொன்னதும் நான்தான். ஏப்ரலில் விரல் கறுத்தது. கீழே இருக்கிற மருத்துவமனைகளில் வெளிநோயாளிப் பிரிவு மூடிக் கிடக்கிறது. ஒரு இடத்தில் வாசலிலேயே காய்ச்சல் பார்த்துவிட்டு, "லாக்டவுன் முடிஞ்சதும் வாங்க" என்றார்கள். படம் எடுத்து அனுப்பினேன். திருநெல்வேலி டாக்டர் ஒரே வரியில் பதில் போட்டார்: காலைக் காப்பாற்ற வேண்டுமானால் உடனே வாருங்கள்.

தமிழ்நாட்டு இ-பாஸ் இரண்டு தடவை தள்ளுபடியாகி மூன்றாம் தடவை கிடைத்தது. ரயில் இல்லை, விமானம் இல்லை. பர்ஹைட்டில் ஒரு சந்தால் தம்பியின் பொலீரோவைப் பேசியிருக்கிறோம். ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர்.

அப்புறம் பானை. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது, இருந்தாலும் கரண்ட் இருக்காது. ஹாட்டில், அதாவது வாரச்சந்தையில், வாங்கிய பெரிய பானைக்குள் மணல் கொட்டி, நடுவில் ஒரு சின்னப் பானையை இறக்கி, மணலை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சின்னப் பானைக்குள் பிளாஸ்டிக் டப்பாவில் இன்சுலின். வெளியே 41 டிகிரி அடிக்கும்போதும் உள்ளே 26க்கு மேல் போனதில்லை. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன். இந்தப் பானையும் எங்களோடு வருகிறது.

மலேரியா, காலா அசார் (மணல் ஈ கடித்து வரும் காய்ச்சல்) பரிசோதனைப் பெட்டியைச் சகியாவிடம் ஒப்படைத்தேன். கிராமத்துச் சுகாதார வேலை பார்க்கிற ஆஷா பணியாளருக்கு இங்கே சகியா என்று பெயர். எட்டாவது வரை படித்த பெண். விரலில் குத்துவது, ஸ்ட்ரிப்பில் ரத்தம் வைப்பது, கோடு பார்ப்பது எல்லாம் என்னைவிடச் சுத்தமாகச் செய்வாள். மாத்திரைக் கணக்கில் மட்டும் பயப்படுவாள். சுவரில் கரியால் வயதுவாரியாக எழுதிக் கொடுத்தேன்.

ஊர் நுழைவில் ஏப்ரலிலேயே மூங்கில் கட்டிவிட்டார்கள். வெளியிலிருந்து யார் வந்தாலும் பள்ளிக்கூடத்தில் பதினாலு நாள். அரசாங்கம் சொல்லுமுன்னே மாஞ்சி, அதாவது ஊர்த்தலைவர், சொல்லிவிட்டார். டாகியா திட்டத்தில் வீட்டுக்கு 35 கிலோ அரிசி மூட்டையாக வரும். அதைக்கூட மூங்கிலுக்கு அந்தப் பக்கம் இறக்கி வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். சாயங்காலம் மாஞ்சியிடம் சொல்லப் போனோம். அவர் இவருடைய காலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவி வறுத்த மக்காச்சோளம் ஒரு முடிச்சுக் கட்டிக் கொடுத்தாள். "போயிட்டு வாங்க. உங்களுக்கு இன்னொரு ஊரு இருக்கு" என்றாள்.

அவள் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

மே 13, புதன். ஜம்ஷெட்பூர்

மூன்றரை மணிக்கு எழுந்தோம். மலையிலிருந்து வண்டி நிற்கிற இடத்துக்கு ஒரு மணி நேரம் இறங்க வேண்டும். இவர் நடக்கக் கூடாது. மாஞ்சியின் மகன்கள் இரண்டு பேர் கயிற்றுக்கட்டிலைக் கவிழ்த்து, மூங்கிலில் தொங்கவிட்டுத் தூக்கினார்கள். இப்படித்தான் இத்தனை வருஷமாகப் பிரசவக்காரிகளை இறக்கியிருக்கிறோம். கட்டிலில் படுத்தபடி இவர், "எனக்கு என்ன குழந்தை பிறக்கும்?" என்று கேட்டார். சின்னவன் மட்டும் சிரித்தான். நான் பின்னால் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். நாசரேத் பெண்ணுக்கு அதுவும் வருமா என்று தூக்குகிறவர்களுக்கு ஆச்சரியம்.

மூங்கில் தடுப்பைத் திறந்து விட்டார்கள். நாங்கள் தாண்டியதும் உடனே மூடினார்கள். அது சரிதான். நான் இருந்தாலும் மூடச் சொல்லியிருப்பேன்.

போக்னாடிக்குப் பக்கத்தில் வரும்போது பலபலவென்று விடிந்தது. 1855 ஜூன் 30ல் சித்து, கான்ஹு சகோதரர்கள் சந்தால்களைத் திரட்டி வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கிளம்பிய ஊர். வருஷா வருஷம் பெரிய கூட்டம் கூடும். "இந்த வருஷம் ஜூனில் நடக்காது தீதி (அக்கா)" என்றான் டிரைவர் தம்பி. அவனுக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

தும்கா, ஜாம்தாரா, கோவிந்த்பூர் என்று சாலை நன்றாகவே இருக்கிறது. புருலியா வழியாகப் போனால் சீக்கிரம் போயிருக்கலாம். ஆனால் அது மேற்கு வங்கம், எங்கள் பாஸில் அந்த மாநிலம் இல்லை. ராஞ்சி சுற்றி வந்தோம். ஒவ்வொரு சாவடியிலும் அதே கேள்விகள், நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற அதே துப்பாக்கி. ஆறு இடத்தில் இறங்கினோம். ஒரு போலீஸ்காரர் பானையைக் குச்சியால் தட்டி, "இதில் என்ன? மஹுவாவா?" என்றார். மஹுவா என்றால் இலுப்பைப்பூச் சாராயம். நான் டப்பாவைத் திறந்து காட்டினேன். அவர் அம்மாவுக்கும் சர்க்கரையாம். மணல் ஈரம் காயாமல் எத்தனை நேரம் தாங்கும் என்று கேட்டு, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

இங்கே ஒரு சபை வளாகத்தில் இடம் கொடுத்தார்கள், வராந்தாவில்தான். வேறு யாரும் கிட்டே வரவில்லை, சாப்பாட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். கட்டு மாற்றினேன். வாடை கூடியிருக்கிறது.

மே 14, வியாழன். புவனேஸ்வருக்கு வெளியே, பெட்ரோல் பங்க்

ஜார்க்கண்ட் முடிகிற இடம் பஹராகோடா. ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், ஒடிசா மூன்றும் முட்டிக்கொள்கிற முனை. அங்கேதான் முதல் முறையாகக் கூட்டத்தைப் பார்த்தேன். மலைமேல் இருந்த எங்களுக்கு எல்லாம் கேள்விப்பட்ட செய்திதான். எதிர்த்திசையில் பேருந்துகள், லாரிகள், லாரிமேல் ஆட்கள், அப்புறம் வெறுங்காலோடு நடந்து வருகிறவர்கள். எல்லோரும் நாங்கள் விட்டுவந்த பக்கம் போகிறார்கள். எங்கள் பக்கத்துச் சாலை காலி. டிரைவர் தம்பி நூறில் விரட்டினான். நான் மெதுவாகப் போகச் சொன்னேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பாரிபாதா தாண்டினோம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இங்கே தொழுநோயாளிகளுக்கு வேலை செய்த கிரஹாம் ஸ்டெயின்ஸையும், பத்து வயதும் ஆறு வயதுமான இரண்டு மகன்களையும் 1999 ஜனவரியில் மனோகர்பூரில் ஜீப்போடு எரித்தார்கள். அதற்குப் பிறகும் அவர் மனைவி கிளாடிஸ் மகளோடு இந்த ஊரிலேயே இருந்தார். 2004ல்தான் ஊருக்குத் திரும்பினார். மிஷனெரிக் கூட்டங்களில் இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அழுகை வரும். இன்றைக்கு அழுகை வரவில்லை, ஒரு கால் விரலுக்காகக் கிளம்பிவிட்டோமே என்றுதான் இருந்தது. இவரிடம் சொன்னேன். "அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டால், முதலில் டாக்டரிடம் போ என்றுதான் சொல்வார்" என்றார். அவரும் நர்ஸ்தானே.

ஓட்டல் ஒன்றும் திறக்கவில்லை. பங்க் வெளிச்சத்தில் பொலீரோவுக்குள் தூங்கப் போகிறோம். கொசு சாகிப்கஞ்ச் கொசு மாதிரியே இருக்கிறது.

மே 15, வெள்ளி. அனகாப்பள்ளிக்கு அருகே

காலையில் சில்கா ஏரி ஓரமாக வந்தோம். சின்னவன் கடல் என்று கத்தினான். கடல் இல்லையடா என்றால் நம்பவில்லை. இச்சாபுரத்தில் ஆந்திரா. வெயில் என்றால் வெயில்.

இச்சாபுரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு புளியமரத்தடியில் ஐந்து சைக்கிள்கள். அத்தனையும் புதிது, மட்கார்டில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள்கூடக் கிழிக்கவில்லை. எங்கள் வண்டியின் ஜார்க்கண்ட் நம்பரைப் பார்த்ததும் ஒரு பையன் ஓடி வந்து சாலைக்கு நடுவில் கையைக் காட்டினான். தம்பி பிரேக் போட்டான்.

"ஜார்க்கண்டா? நாங்களும் வரலாமா?" என்று ஹிந்தியில் கேட்டான்.

"நாங்க அங்கிருந்து வரோம். மெட்ராஸ் பக்கம் போறோம்."

அவன் முகம் விழுந்தது, அடுத்த நிமிஷமே சிரித்துவிட்டான். "மெட்ராஸா? நாங்க அங்கிருந்துதான் வரோம்." பிறகு நான் தமிழ் என்று தெரிந்ததும், தமிழிலேயே, "அக்கா, தண்ணி இருக்கா?" என்றான்.

ஒரகடத்தில் கட்டட வேலை. மார்ச் மாதத்துக்கு அப்புறம் கூலி இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் ஊரிலிருந்து அனுப்பச் சொல்லி சைக்கிள் வாங்கியிருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், சம்பாதிக்கப் போனவனுக்கு வீட்டிலிருந்து பணம் போகிறது. எந்த ஊர் என்று கேட்டேன். கோட்டா மாவட்டம், சுந்தர்பஹாடி. எங்கள் மலைத்தொடரின் அந்தப் பக்கம். இரண்டு பேர் பகாரியா. நான் மால்தோவில் பேசியதும் அதில் ஒருவன், பதினெட்டு வயதுகூட இருக்காது, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றுவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பினான்.

அவனுக்குத் தெரிந்த தமிழ் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னேன். "தூக்கு. சீக்கிரம். கலவை. மேஸ்திரி. ஓரமா போ. சாப்டாச்சா." கடைசி வார்த்தையை யார் சொல்வார்கள் என்று கேட்டேன். தெருவில் இட்லி விற்கிற பாட்டி என்றான்.

நான் செய்ய முடிந்தது: கொப்புளங்களைச் சுத்தம் பண்ணிக் கட்டுப் போட்டேன், உப்பு-சர்க்கரைப் பொட்டலம் இருபது கொடுத்தேன், மாஞ்சி மனைவி கட்டிக் கொடுத்த மக்காச்சோள முடிச்சை அப்படியே கொடுத்துவிட்டேன். அந்தப் பகாரியாப் பையன் அதை முகர்ந்து பார்த்தான். இவருடைய செருப்பும் போனது. வலது செருப்பை இவர் எப்படியும் போட முடியாது, இடதை மட்டும் வைத்து என்ன செய்ய, ஜோடியாகவே போகட்டும் என்று விட்டோம்.

வண்டியைத் திருப்பலாமா என்று டிரைவர் தம்பி என்னைப் பார்த்தான். நான் பின்சீட்டில் நீட்டியிருந்த காலைப் பார்த்தேன். அவர்கள் வடக்கே மிதித்தார்கள், நாங்கள் தெற்கே வந்தோம். மாத அறிக்கையில் சாட்சி எழுதுவோம், ஜெபக்குழுக்கள் வாசிப்பார்கள். இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

விசாகப்பட்டினத்தை இருட்டில் கடந்தோம். போன வாரம் வாயு கசிந்த வெங்கடாபுரம் இங்கேதான். கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்தோம், அதனால் என்ன பிரயோஜனமோ.

மே 16, சனி. நெல்லூர்

பானை உடைந்தது.

ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலம் தாண்டி ஒரு மணி நேரம் இருக்கும். எருமை குறுக்கே வந்தது, தம்பி பிரேக்கை அழுத்தினான், டக்கென்று ஒரு சத்தம். பெரிய பானை வாயிலிருந்து அடிவரை விரிந்து, ஈரமணல் எல்லாம் சின்னவன் காலில். உள்பானைக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்லவேளை. ஆனால் வெளியே 43 டிகிரி, இருப்பதோ இரண்டு குப்பி, ஊர் போய்ச் சேர இன்னும் இரண்டு நாள்.

ஈரத்துண்டில் சுற்றி ஜன்னலோரம் காற்றுப் படும்படி பிடித்துக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் துண்டு காய்ந்தது. கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. ஏலூருக்கு முன்னால் சாலையோரத்தில் நடந்து போகிறவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள் ஒரு வீட்டார். நானும் மோர் குடித்துவிட்டு, எனக்குத் தெரிந்த நாலு தெலுங்கு வார்த்தையில் பானை கேட்டேன். 'குண்ட' என்றதும் அந்த அம்மாவுக்குப் புரிந்தது. வாசலில் மோருக்குத் தண்ணீர் வைத்திருந்த பானையையே கவிழ்த்து ஊற்றிவிட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மணல் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது.

விஜயவாடாவில் கிருஷ்ணையைக் கடக்கும்போது டோர்ணக்கல் ஞாபகம். இங்கிருந்து வடக்கே போக வேண்டும். எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1903ல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கத்தின் முதல் பணித்தளம் டோர்ணக்கல். பிற்பாடு அங்கேயே பிஷப் ஆனார், 1945ல் அங்கேயே இறந்தார். எங்கள் ஆத்தா இன்றைக்கும் உலை வைக்குமுன் மிஷனெரிக் காணிக்கைக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறவள். அந்தப் பிடியரிசியில் கொஞ்சம் எனக்கும் வந்திருக்கும்.

இவருக்கு லேசாகக் காய்ச்சல். கால்தான் காரணம் என்று எனக்குத் தெரியும், சாவடியில் துப்பாக்கி பிடிக்கிறவருக்குத் தெரியாதே. பாராசிட்டமால் கொடுத்துக் கடத்தினேன். தப்புதான். எழுதியே வைக்கிறேன்.

மே 17, ஞாயிறு. திருச்சிக்கு வெளியே

தமிழ்நாட்டு எல்லையில், எளாவூர் சாவடியில் நாலரை மணி நேரம். ஒரு காகிதத்தில் ஒரு எழுத்துப் பிழை, அவ்வளவுதான். சின்னவன் தமிழ்ப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தான். "அம்மா, இங்கே எல்லாருமே நம்ம வீட்டு பாஷை பேசுறாங்க" என்றான். அவனுக்குத் தமிழ் என்றால் வீட்டுக்குள் நாங்கள் மூன்று பேர் பேசுகிற ரகசிய மொழி.

சென்னைக்குள் நுழையவில்லை. ஆராதனை வண்டிக்குள்ளேயே, செங்கல்பட்டுக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில். டிரைவர் தம்பி சந்தாலியில் ஒரு பாட்டு பாடினான்.

மே 18, திங்கள். நாசரேத் பக்கம்

மாவட்ட எல்லையில் மூக்கில் குச்சி விட்டார்கள். இவரை நேராகத் திருநெல்வேலி மருத்துவமனையில் இறக்கினோம். கூட நான் இருக்கக் கூடாது, பரிசோதனை முடிவு வரும்வரை தனி வார்டாம். கையில் புதுப்பானையோடு வாசலில் நின்றேன். உள்ளே ஃபிரிட்ஜ் இருக்கிறது சிஸ்டர் என்று சொல்லி, டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. ஆத்தாவும் பெரியவளும் சித்தப்பா வீட்டுக்கு மாறிவிட்டார்கள். பெரியவள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பேசினாள். ஒரு வருஷத்தில் என் தோளுக்கு வளர்ந்திருக்கிறாள். கிட்டே வராதே என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. தெருவில் ஒரு அண்ணாச்சி தள்ளி நின்று, "வடக்கே இருந்து நோயைக் கொண்டாந்துட்டீகளோ?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார் என்று வைத்துக்கொள்கிறேன்.

டிரைவர் தம்பி காலி வண்டியோடு திரும்ப வேண்டாம் என்று இவர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே நாலைந்து போன் போட்டார். தூத்துக்குடியில் மாட்டிக்கொண்டிருந்த ஜார்க்கண்ட்காரர்கள் ஆறு பேர் கிடைத்தார்கள். பாஸ் வந்ததும் கிளம்புவான்.

மே 30, சனி

பல பேர் கேட்டதால் எழுதுகிறேன். எங்கள் எல்லோருக்கும் நெகட்டிவ். இரண்டாவது விரலை எடுத்துவிட்டார்கள், கால் தப்பியது. புண் சுத்தமாக இருக்கிறது.

டிரைவர் தம்பி ஆறு பேரோடும் ஊர் சேர்ந்துவிட்டான். ஆம்பன் புயல் 20ம் தேதி கரையைக் கடந்ததற்கு மறுநாள்தான் ஒடிசாவுக்குள் நுழைந்திருக்கிறான். பாலேஸ்வர் பக்கம் சாலையில் மரங்கள். ஆறு பேரும் இறங்கி இழுத்துப் போட்டார்களாம். அந்தச் சைக்கிள் பையன்களை வழியில் தேடினாயா என்று கேட்டேன். தேடினானாம்.

இன்றைக்குச் சகியா பாறைமேலிருந்து கூப்பிட்டாள். மூன்று மலேரியா, மூன்று பேரும் தேறிவிட்டார்கள். மாத்திரைக் கணக்கைச் சொல்லிக் காட்டினாள், சரியாகத்தான் கொடுத்திருக்கிறாள். பிறகு மாஞ்சியின் மனைவி போனை வாங்கினாள். விரல் போனதற்கு த்சொ த்சொ என்றாள். எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை. வருவதற்குப் பத்து நாள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டுமாம். பள்ளிக்கூடத்து ஓடு ஒழுகுகிறது, நாங்கள் பதினாலு நாள் இருக்கிற மூலைக்கு மட்டுமாவது தார்பாய் கட்ட வேண்டும் என்றாள்.